கிணற்றுக் காவலனின் விஷம்

...வேலிக்கம்பி மூன்று வேண்டாம், இரண்டு போதும், மூன்றாவது கையில் வந்து சும்மா உட்கார்ந்துகொண்டால் நாலாவது சுற்றில் மூச்சு முட்டிவிடும், அந்த இடத்தில் தண்ணி லோரி ஒன்றைச் சேர்த்தால் அடி வாங்கிய பிறகும் கொஞ்சம் எழுந்து நிற்கலாம், ஆக முப்பதில் இருபத்தொன்பது நோட்டில் ஏறி ஒரு மாதமாயிற்று, முப்பதாவது யார் என்பது புனிதாவுக்கு இரண்டு மாதமாகவே தெரியும், கிணற்றுக் காவலன், அவனைச் செய்வதற்குத்தான் இன்னும் பொடி சேரவில்லை... பின்னால் எட்டாம் நம்பர் டிரையர் யாருடைய சட்டைப் பித்தானையோ தட்டித் தட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது, முப்பத்திரண்டு நிமிடம் என்று சிவப்பில் காட்டியது, அது நிற்கிறவரை சுங்கை ரம்பாயின் இந்த டோபிக் கடையில் அவளைக் கூப்பிட ஆளில்லை. முதலாளி பரமேஸ்வரன் அங்கிள் மஸ்ஜித் தானாவில் இருக்கும் இன்னொரு கடையைப் பார்க்கக் காரெடுத்துப் போயிருந்தார், சாயங்காலம்தான் திரும்புவார். போகும்போதே, "நீ போனப் பாத்துக்கிட்டிருக்கறப்ப மிஷின தூக்கிட்டுப் போனாக்கூட ஒனக்குத் தெரியாது, துணியையும் கொஞ்சம் பாரும்மா" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனார், பதில்கள் எப்போதும் ஆள் போன பிறகுதான் அவளுக்கு வரும், மிஷினத் தூக்கறவன் துணியையும் மடிச்சு வச்சிட்டுப் போவானா அங்கிள், என்று இப்போது வந்தது, நோட்டில் எழுதி வைத்தால் என்ன, வேண்டாம், இந்த நோட்டில் வேண்டாம்.

இந்த நோட்டு அட்டை விளையாட்டுக்கு. போனில் விளையாடுகிற விளையாட்டுதான், ஆளுக்கு முப்பது அட்டை, அட்டையில் ராட்சசர்கள், மந்திரக்காரிகள், வாலுள்ள நாய்கள், சுற்றுக்கு ஒன்றாகக் களத்தில் இறக்கி எதிராளியின் உயிரைக் குறைக்க வேண்டும். காசு கட்டுகிறவர்களுக்குப் பொன் ஓரம் போட்ட அட்டைகள் பொட்டலம் பொட்டலமாக வரும், கட்டாதவர்கள் வேண்டாத அட்டையை உடைக்க வேண்டும், உடைத்தால் கொஞ்சம் பொடி, பொடி சேர்ந்தால் வேண்டிய அட்டையைச் செய்துகொள்ளலாம். புனிதா ஒருபோதும் காசு கட்டியதில்லை. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் தன் விளையாட்டு எண்ணை எழுதி, அடியில் "காசில்லாதவள் கட்டு" என்று தலைப்புப் போட்டு, அதற்கும் அடியில், "புதிதாக வருகிறவளே, பயப்படாதே, சாதாரண அட்டைகளை வைத்தே ஜெயிக்கலாம்" என்று தொடங்கியிருந்தாள். யார் அந்தப் புதிதாக வருகிறவள்? யாருமில்லை. இந்த ஊரில் யாரிடமும் அவள் இந்த விளையாட்டைப் பற்றி வாயைத் திறந்ததில்லை, ஆனால் எழுதும்போது எதிரில் ஒருத்தி உட்கார்ந்து கேட்பதுபோல் இருந்தால்தான் கை ஓடுகிறது, அதனால் ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சின்னப் படம், தமிழில் ஒரு பட்டப்பெயர், பாதையை மறிக்கும் முள்ளுக்காரனுக்கு வேலிக்கம்பி, உயிர் ஊற்றிக்கொடுக்கும் யானைக்குத் தண்ணி லோரி, எட்டு அடி தாங்கும் கல் ராட்சசனுக்கு மலையப்பன். யாருக்கும் தெரியாமல் ஒருத்திக்குச் சொல்லிக் கொடுப்பது எவ்வளவு சுகம்... அவள் திரும்பிக் கேள்வி கேட்கமாட்டாள், சிரிக்கமாட்டாள்.

கிணற்றுக் காவலனுக்கு மட்டும் முழுப் பக்கம். விளையாட்டு மலாயில் இருந்தது, மலாய் என்றுதான் அவள் நினைத்தாள், போனை மலாயில் வைத்திருந்ததால் அதுவாகவே வந்தது, நடுநடுவே விளங்காத சொற்கள் இருந்தன, விளங்காததைத் தாண்டிப் போவது அவளுக்குப் புதிதில்லை. காவலன் அட்டையில் நாலே சொல், அதில் முதல் சொல் பிசா. அதைப் பார்த்ததும் மனசு துள்ளியது, ஏனென்றால் அது அவளுக்குத் தெரிந்த சொல், தமிழ்ப் பள்ளியை முடித்துவிட்டு இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பில் இருந்தபோது பாம்பைப் பற்றி ஒரு பாடம் வந்தது, பிசா உலார், பாம்பின் விஷம், பிசா என்றால் என்ன என்று, எல்லாரும் சிக்கு என்று கூப்பிடும் வாத்தியார் அவளைப் பார்த்துத்தான் கேட்டார், தெரியும், தொண்டைவரை வந்துவிட்டது, வாய் திறக்கவில்லை, பக்கத்து மேசைக்காரி சொல்லிக் கைதட்டு வாங்கினாள். அன்றிலிருந்து அந்தச் சொல் புனிதாவுடையது, யாரும் பிடுங்க முடியாது. இரண்டு மாதத்துக்கு முன்பே எழுதிவைத்தாள்: "கிணற்றுக் காவலன் விஷக்காரன். பார்த்தால் எலும்பும் தோலுமாக இருப்பான், ஏமாறாதே. எவ்வளவு பெரிய ராட்சசன் எதிரில் நின்றாலும் இவனை நேராக அவன்மேல் விடு, ஒரு கடி போதும். பொன் ஓரம் போட்ட அட்டைகள் உன்னிடம் இருந்தாலும் உடைத்துப் பொடியாக்கி இவனைச் செய்துகொள்." எழுதிவிட்டுப் படித்தபோது அவளுக்கே ரோமம் நின்றது.

மூன்று இருபது. போன் சிணுங்கியது. நாலாயிரம் வந்துவிட்டாள்.

நாலாயிரம் என்பது இவள் வைத்த பெயர், அங்கே இருந்தது விளையாட்டே வைத்துக் கொடுத்த பெயர், பெமாயின் 4471, அதாவது ஆட்டக்காரர் 4471, பத்து நாளைக்கு முன் நட்புக் கேட்டு வந்தது, புனிதா ஒரு நாள் முழுக்க யோசித்து, சரி என்பதைத் தொட்டாள், அவளுடைய முதல் நட்பு, அன்றிலிருந்து தினமும் இதே நேரம் ஓர் ஆட்டம். நாலாயிரம் மகா மோசமாக விளையாடினாள், ஒவ்வோர் அட்டையையும் எடுத்து, யோசித்து, திரும்ப வைத்து, நேரத்தைக் காட்டும் நூல் எரிந்து முடிகிற கடைசி நொடியில் எதையாவது இறக்குவாள், புனிதாவுக்கு அது பிடித்திருந்தது, தன்னைப் போல் ஒருத்தி, எங்கோ கடல் தாண்டி மேடானில் ஒரு மாடி வீட்டில், மடியில் பூனையோடு... இன்றைக்கு அவளை நோகாமல் ஜெயிக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டே ஆட்டத்தைத் திறந்தாள்.

முதல் சுற்றில் நாலாயிரம் எதுவும் இறக்கவில்லை. சும்மா இருந்தாள். புனிதா புன்னகைத்தாள், இவளுக்கும் தோன்றியிருக்கிறதே, "முதல் சுற்றில் அட்டை இருந்தாலும் போடாதே, நீ ஏமாந்தவள் என்று எதிராளி நினைக்கட்டும்," இது இவள் நோட்டில் எழுதியது, இணையத்தில் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒருவர்கூட இப்படிச் சொல்லவில்லை, அது மடத்தனம் என்றுதான் சொல்வார்கள், இவளுக்குப் பிடித்திருந்தது, அதனால் எழுதினாள். இரண்டாம் சுற்றில் வேலிக்கம்பி. மூன்றில் இன்னொரு வேலிக்கம்பி, முதலாவதுக்கு இடப்பக்கம். இடப்பக்கமா? எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்றுதான், ஆனால் புனிதா நோட்டில் வரைந்த படத்தில் இரண்டாவது வேலிக்கம்பி இடப்பக்கம்தான் இருந்தது, வலப்பக்கம் தாளில் எண்ணெய் பட்டு மை ஏறவில்லை, அதனால்தான் இடப்பக்கம் வரைந்தாள்... சே, தற்செயல். நாலாவதில் தண்ணி லோரி வந்தது. அவள் புன்னகை எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. சோதித்துப் பார்ப்போம் என்பதுபோல மலையப்பனை இறக்கினாள், கல் ராட்சசன், எட்டு அடி தாங்குவான், களம் அதிர்ந்து தூசி பறந்தது. எதிரில் நூல் எரிந்தது, பாதி, முக்கால்... கடைசி நொடியில் ஒல்லியாக, ஈட்டியும் வாளியுமாக ஒருவன் வந்து நின்றான். கிணற்றுக் காவலன். இவள் இரண்டு மாதமாக ஆசைப்பட்டவன். நின்றவன் வேலிக்கம்பிகளைப் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை, நேராக மலையப்பன்மேல் போய் விழுந்தான்.

இரண்டு அடி. மலையப்பன் எட்டிலிருந்து ஆறுக்கு இறங்கினான், கையை ஒரு தடவை வீசினான், காவலன் உடைந்து சிதறிப் போனான்.

மலையப்பன் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். விஷம் ஏற நேரம் ஆகுமோ என்று புனிதா பார்த்துக்கொண்டே இருந்தாள், ஏறவில்லை, எதிரில் இருப்பவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது, களத்தில் எதுவும் அசையவில்லை, இரண்டு பேர் ஒரு கல் ராட்சசன் விழுவதற்காகக் காத்திருந்தார்கள். விஷம் இல்லையா? அட்டையில் எழுதியிருக்கிறதே... விஷம் இல்லையென்றால் எந்த மடச்சி இந்த எலும்பனைக் கொண்டுபோய் மலையப்பன்மேல் விடுவாள், விளையாடத் தெரிந்தவர்கள் விடமாட்டார்கள், தெரியாதவர்களும் விடமாட்டார்கள், விஷம் என்று யாராவது சொல்லி நம்பியவள்தான் விடுவாள், யார் சொல்லியிருப்பார்கள், உலகத்தில் அவனை விஷக்காரன் என்று எழுதியது ஒரே ஓர் இடத்தில்தான், இதோ, மடியில், எண்ணெய் பட்ட இந்தத் தாளில்.

"டெக்... எங்ஙா பிசா."

திடுக்கிட்டு எழுந்ததில் பேனா உருண்டு ஓடியது. காக் சுமி, செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் இந்தோனேசியக்காரி, வாரம் ஒருமுறை மூட்டையாகத் துணி கொண்டுவருவாள், மூன்றாம் நம்பர் மிஷினுக்கு முன்னால் காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், காசு உள்ளே போகவில்லை, ஓட்டையைக் காட்டி மறுபடியும் சொன்னாள், டெக், எங்ஙா பிசா, தங்கச்சி, முடியல. புனிதா போய் ஓட்டையில் ஒரு தட்டுத் தட்டினாள், காசு இறங்கியது. "நா, பிசா!" என்றாள் காக் சுமி, சிரித்தபடி. பிசா. முடியும். எத்தனை வாரம் இந்தப் பெண் வாயிலிருந்து இதைக் கேட்டிருக்கிறாள், எங்ஙா பிசா, பிசா, பிசா, இவர்கள் ஊரில் அது விஷம் இல்லை, முடியும், முடியும் என்பதுதான், அந்த விளையாட்டு மலாய் இல்லை, இவர்கள் பாஷை... வந்ததும் தாக்க முடியும், அவ்வளவுதான் அந்த நாலு சொல்லும், காவலன் பாவம் வந்ததும் தாக்க முடிந்தவன், விஷமில்லாதவன். தனக்கே தனக்கென்று இருந்த ஒரே சொல். மேசைக்குத் திரும்பி வருகிற ஏழெட்டு அடி தூரத்துக்குள் அதுவும் போய்விட்டது.

ஆனால் அது இல்லை, அதற்கு அழ இது நேரமில்லை, யார் படித்தது, யார்? நோட்டு வீட்டில் அரிசி வாளிக்குப் பின்னால் இருக்கும், வேலைக்கு வரும்போது பையில் இருக்கும். அப்பா தமிழ்ப் புத்தகத்தைத் தொட்டே வருஷமாகிறது, தோட்டத்து டிராக்டரை விட்டு இறங்கினால் தூக்கம்தான். அக்கா திலகா கல்யாணமாகித் தெங்கேராவில் இருக்கிறாள். அப்புறம்... காலையில், ஆமாம், இன்றைக்குக் காலையில், அடுப்புக்குக் கேஸ் தோங் மாற்றிவிட்டுப் போன ஆளைப் பற்றி அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாளே, "என்னா ஒடம்புடி அது, மலையப்பன் மாதிரி, நம்ம வாசப்படியே ஆடிப்போச்சு." புனிதாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு ரொட்டியைத் தின்றாள். மலையப்பன்! அந்தப் பேர் எங்கேயிருந்து வந்தது அம்மாவுக்கு, மலையப்பன் என்று எவனும் கிடையாது, அது இவள் வைத்தது, இந்த நோட்டுக்குள் வைத்தது, எப்படி அப்போது காதில் விழாமல் போயிற்று? அதற்கு முன்னால் ஒரு நாள், துணி காயப்போடும்போது, ஒரு மாதிரி வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "பொன் கலர்ல வந்துச்சின்னா அது ஒசத்தியா புனி?" என்று கேட்டாள், சேலையைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து, ஆமாம்மா என்றாள். பழைய போனை அம்மாவுக்குக் கொடுத்தபோது அந்த விளையாட்டை அழிக்காமல்தான் கொடுத்தாள், இவள் விளையாட்டு எண் நோட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்று இருபது, அம்மா துப்புரவு வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் கான்ட்ராக்ட்காரர்களுக்கு டீ நேரம் மூன்று மணிக்கு மேல்தான். நூல் எரிந்து முடியும்வரை ஆகிற அந்தத் தாமதம், யோசனை இல்லை அது, பிளீச் தின்று தோல் உரிந்த கட்டைவிரல், போன் கண்ணாடி அந்த விரலைச் சட்டென்று ஏற்றுக்கொள்ளாது, அம்மா துடைத்துத் துடைத்துத் தேய்ப்பாள்...

மேடானில் மாடி வீடு இல்லை. பூனை இல்லை. துடைப்பங்கள் சாத்தியிருக்கிற ஓர் அறையில், நீலச் சட்டையில், தலைகீழாகக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டு அம்மா, ராஜம்மா.

பொன் ஓரம் போட்டது ஏதோ வந்திருக்கிறது அவளுக்கு, உசத்தியா என்று கேட்டும் தெரிந்துகொண்டாள், தெரிந்துகொண்டும் உடைத்திருக்கிறாள், மகள் உடைக்கச் சொல்லி எழுதியிருந்ததால்.

இந்த நினைப்பில் ஒரு கணம் நெஞ்சு இளகப் பார்த்தது, இளகுவதற்குள் அடுத்தது வந்து விழுந்தது, முன்பக்கம் படித்தவள் பின்பக்கம் படிக்காமல் இருப்பாளா? நோட்டைத் திருப்பிப் போட்டால் பின்னாலிருந்து தொடங்குகிற ஆறு பக்கம், அட்டை விளையாட்டு இல்லாதது. முதல் வரியே, "வயிற்று வலி பொய்." இரண்டு வருஷத்துக்கு முன், மூன்றாம் படிவத்தில், வராத நாட்கள் அதிகமாகிவிட்டன என்று பள்ளியில் அம்மாவைக் கூப்பிட்டார்கள், அம்மா வேலைச் சட்டையோடு வந்தாள், ஆபீஸ் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், புனிதா கதவுக்கு வெளியே பெஞ்சில், தலைக்குமேல் காற்றாடி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது, அம்மா சிக்குவிடம், பெரிய மனுஷர்களிடம் பேசும்போது வருகிற அந்தச் சிரிப்போடு சொன்னாள், டியா லெம்பாப் சிக்கிட், சிக்கு. இவ கொஞ்சம் மந்தம், சிக்கு. உள்ளே ஒரு கிளார்க் சிரித்தாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வயிற்று வலி, ஒரு மாதம் வயிற்று வலி, கிளினிக்கில் மாத்திரை, கோயிலில் கயிறு, பிறகு பள்ளிக்கூடமே நின்றுபோயிற்று, அங்கிருந்து யாரும் கேட்கவில்லை. அம்மா கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், "எங்களப்போல தரையத் தொடைக்க மாப்பு புடிக்கத்தான் ஆசையா ஒனக்கு" என்று ஒரே ஒரு தடவை அழுதாள், அப்போதும் புனிதா சொல்லவில்லை, நோட்டில்தான் எழுதினாள், "என்னை மந்தம் என்று சொன்னது வேறு யாராவதாக இருந்தால் நான் தாங்கியிருப்பேன்." அம்மா அதைப் படித்திருக்கிறாள். வரிக்கு அடியில் விரல் வைத்து, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, அரிசி வாளி பக்கத்தில் நின்று படித்திருக்கிறாள், படித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறாள், அப்புறம் வந்து சோறு போட்டிருக்கிறாள், எந்த நாள் அது, என்ன குழம்பு அன்றைக்கு? பிறகு இந்தப் பக்கம் திருப்பி, முதலிலிருந்து, "புதிதாக வருகிறவளே, பயப்படாதே"...

போனில் ஏதோ மின்னியது. களத்துக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குமிழ் ஒன்று. விளையாட்டே எழுதிவைத்த ஆறு வார்த்தைகள் உண்டு, வணக்கம், நன்றி, சபாஷ் என்று, அதில் ஒன்றைத் தொட்டால் எதிராளிக்குப் போகும், வேறெதுவும் பேச முடியாது, பத்து நாளில் நாலாயிரம் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. இப்போது தொட்டிருந்தாள்.

மாஃப்.

மன்னிப்பு. அந்தச் சொல் மலாயிலும் காக் சுமியின் பாஷையிலும் ஒன்றுதான். எதற்கு? காவலனை வீணாக்கியதற்கா? உன் பேச்சைக் கேட்டேன், இவன் சாகடிக்கவில்லையே, ஏதோ தப்பாகச் செய்துவிட்டேன் போல என்றா? அல்லது நன்றியைத் தொடப் போய் அந்த உரிந்த விரல் பக்கத்தில் பட்டுவிட்டதா, மாஃப் அதற்கு அடுத்ததுதானே? அல்லது அந்த ஆறு பக்கத்துக்கா, அந்தக் கவுண்டருக்கா, வீட்டில் எதிரில் நின்று சொல்ல முடியாததை, ஆறே வார்த்தைக்குள் தேடி... புனிதா வாயைப் பொத்திக்கொண்டாள். காக் சுமி மிஷினுக்குப் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்து, உடம்பு முடியலையா டெக் என்பதுபோல ஏதோ கேட்டாள், இவள் தலையை ஆட்டினாள், எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று தெரியவில்லை.

இவள் முறை. நூல் பற்றிக்கொண்டது. மலையப்பன் ஆறோடு நிற்கிறான், தாக்கினால் ஒரு வேலிக்கம்பி போகும், இன்னும் இரண்டு சுற்றில் ஆட்டம் முடிந்துவிடும். அல்லது நோட்டைத் திருத்தலாம், விஷம் என்பதை அடித்து, முடியும் என்று எழுதலாம், அடித்தால் அம்மா இன்றிரவு பார்ப்பாள், பார்த்தால் இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும், அடிக்காமல் விட்டால் நாளைக்கு இருக்கிறதையெல்லாம் உடைத்து இன்னொரு காவலனைச் செய்து கொண்டுவந்து நிறுத்துவாள், தப்பு தன்னுடையது என்றே நினைத்துக்கொள்வாள், மகள் எழுதியது தப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே தோன்றாது, அவ்வளவு நம்பிக்கை, மந்தமானவள் என்று ஒருத்தியை நினைத்தால் அவள் எழுதியதை யாராவது இப்படி...

புனிதா கீழே குனிந்து பேனாவை எடுத்தாள். நோட்டைத் திருப்பினாள், பின்பக்கத்துக்கு. டியா லெம்பாப் சிக்கிட். இதையும் அவள்தான் எழுதினாள். பிசா என்றால் விஷம் என்று எழுதிய அதே கை, அதே உறுதி. காற்றாடி கடகடத்தது, கதவு பாதி சாத்தியிருந்தது, அம்மாவின் மலாய் பாசார் மலாய், சந்தையில் பேசுகிற உடைசல் மலாய், பாதிச் சொல்லை விழுங்கிவிடுவாள். லெம்பாப் என்றால் மந்தம். லெமா என்று ஒன்று இருக்கிறது. லெமா என்றால் உடம்பில் தெம்பில்லாதவள். அந்த வருஷம் இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொன்னார்கள், அம்மா தினமும் முருங்கைக்கீரை வைத்தாள், இவ கொஞ்சம் பலவீனம், சிக்கு, அதனாலதான் வரல... அப்படியா சொன்னாள்? அந்தக் கிளார்க் எதற்குச் சிரித்தாள், வேறு எதற்கோவா? லெம்பாப்பா, லெமாவா? காதுக்குள் எத்தனை தடவை போட்டுக் கேட்டாலும் இப்போது காற்றாடிதான் கேட்கிறது. சொல்லாத ஒன்றுக்கா அவள் மாஃப் கேட்டாள், மகள் எழுதிவிட்டாளே, அப்படியானால் சொல்லித்தான் இருப்பேன் என்று நம்பி?

நூல் எரிந்து தீர்ந்தது, புனிதாவின் முறை ஒன்றும் செய்யாமலே கடந்து போனது. எட்டாம் நம்பர் டிரையர் நின்று கூவியது, அவள் எழவில்லை. பேனா அந்த ஒரு சொல்லுக்குமேல் நின்றுகொண்டிருந்தது. போனில், அந்தப் பக்கம், மெதுவாக, துடைத்துத் துடைத்து, இன்னொரு அட்டை எடுக்கப்பட்டு, யோசிக்கப்பட்டு, திரும்ப வைக்கப்பட்டது. ஐந்தரைக்கு வேன் வந்து அம்மாவை முச்சந்தியில் இறக்கிவிடும். அன்னிக்கு ஆபீஸ்ல என்னாம்மா சொன்ன? இவ்வளவுதான், நாலைந்து சொல், பிசா, எங்ஙா பிசா... தொண்டைவரை வந்து நிற்கிற சொற்கள் அவளுக்கு எப்போதும் உண்டு.